போலே பாலன் போட்ட நோட்டீஸ்

மலேசியாவில், பாலோ ஊருக்கு வந்து ஜெயபாலன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். 'போலே பாலன்' என்று கேளுங்கள், மில் வாசலில் பழம் விற்கிற சீனக் கிழவர்கூட கை நீட்டி வழி காட்டுவார். போலே என்றால் மலாயில் 'முடியும், செய்யலாம்'. யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். ஞாயிற்றுக்கிழமை வேன் வேண்டுமா? போலே. கல்யாண மண்டபத்தில் நாற்காலி அடுக்க ஆள் வேண்டுமா? போலே லா. ஒருமுறை ஒரே காலையில், ஒரே முகூர்த்தத்தில், இரண்டு வீட்டுக்குப் போலே சொல்லிவிட்டு, காஹாங்குக்கும் பாலோவுக்கும் நடுவே மோட்டாரில் பறந்து இரண்டு இடத்திலும் பாதிச் சாப்பாடு சாப்பிட்டவர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் மனைவி ஷாமளா இந்தக் கதையைச் சொல்லாமல் காப்பி கொடுப்பதில்லை.

வயது ஐம்பத்தாறு. செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. பழக்குலை ஏற்றி வரும் லோரியை மேடையில் நிறுத்தி, எடையைக் குறித்து, சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாக அதே நாற்காலி. அங்கே மட்டும் அவரிடம் போலே செல்லாது. லோரிக்காரர்கள், "அண்ணே, கொஞ்சம் கூட்டிப் போடுங்கண்ணே," என்று பல்லைக் காட்டினால், கணினித் திரையைச் சுட்டி, "மெஷின் சொல்றதுதான் தம்பி, என் கையில என்ன இருக்கு?" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மெஷினிடம் யார் போய்ச் சண்டை போடுவது? மனிதர்கள் மனம் நோகாமல் 'முடியாது' சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

ஆலையை விட்டால் அவருக்கு இன்னொரு வேலை, பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் செயலாளர். பத்தொன்பது வருடம். யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படாததற்குக் காரணம் ஆடித் திருவிழா நோட்டீஸ்தான். தோட்டம் கைமாறி, தொழிலாளர் லயத்து வீடுகள் இடிந்து, ஆட்களெல்லாம் தாமான் குடியிருப்புகளுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூர் வேலைக்கும் போய்விட்டாலும், ஆடி கடைசி ஞாயிறுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். வருவதற்கு முன்பே நோட்டீஸைப் பார்த்துவிடுவார்கள். அதில் ஒன்பது உபயதாரர்களின் பெயர் இருக்கும். நோட்டீஸில் எந்த வரிசையோ, அதே வரிசையில்தான் கடைசி நாள் சன்னதிக்கு முன்னால் பெயர் கூப்பிட்டு மாலை போடுவார்கள். அந்த மாலைக்காக ஒவ்வொரு வருடமும் மூன்று வாரம் போர் நடக்கும்.

போர் முதல் இடத்துக்கு மட்டும்தான். ஒரு பக்கம் கோயில் கமிட்டித் தலைவர் மனோகரன். லோரி காண்டிராக்டர், பன்னிரண்டு லோரிக்குச் சொந்தக்காரர், கோயிலுக்குக் கூரை போட்டவர். இன்னொரு பக்கம் ராசம்மா. பெரிய கிராணி வீட்டு மருமகள், எழுபது வயது, குரல் மட்டும் இருபத்தைந்து. கூரைக்கு முன்னாடி கோயிலே எங்க மாமனார் கட்டினதுதான் என்பது அவர் கட்சி. கடைசி இடத்துக்குப் போட்டியே கிடையாது. 'கூழ் உபயம்: கருப்பாயி குடும்பத்தார்' என்ற வரி எப்போதும் அடியில், அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே இருக்கும். அதற்கு யாரும் சண்டை போட்டதில்லை. கருப்பாயி அக்காவும் வாய் திறந்ததில்லை.

இந்த வருடம் ஷாமளா கறாராகச் சொல்லிவிட்டார். "ஏங்க, இந்த நோட்டீஸ் சண்டையில போன வருசம் உங்களுக்கு பிரஷர் ஏறி கிளினிக்ல உக்காந்தோம். இந்த வாட்டி நீங்களே மண்டைய உடைச்சிக்க வேணாம். அந்த ஏஐகிட்ட கேளுங்க. லோஷினி போன்ல போட்டுக் குடுத்துட்டுதான போனா?" லோஷினி அவர்கள் மகள், சிங்கப்பூரில் வேலை. அப்பாவின் கைப்பேசியில் அவள் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்ததிலிருந்து அவர் அதனிடம் கேட்ட ஒரே கேள்வி, முருங்கைக் கீரை பிரஷருக்கு நல்லதா என்பதுதான்.

போலே என்றார்.

ஆலையில் மதியம் லோரி குறைவாக வரும் நேரம் பார்த்து உட்கார்ந்தார். ஒன்பது உபயதாரர்களின் பெயர், யார் என்ன கொடுக்கிறார்கள், எந்த வருடத்திலிருந்து கொடுக்கிறார்கள் என்று பழைய நோட்டீஸ்களை எல்லாம் புரட்டி ஒன்றுவிடாமல் தட்டினார். இடையில் விட்ட வருடங்களையும் நியாயமாகக் குறித்தார். எடைமேடைக்காரர் இல்லையா, கணக்கில் ஒளிக்கத் தெரியாது. கடைசியில், 'யார் மனமும் நோகாதபடி முறையாக வரிசைப்படுத்தி நோட்டீஸ் தயார் செய்' என்று எழுதினார்.

எழுதாமல் விட்டது ஒன்றுதான். வரிசை எப்படி என்பதை. அதை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயத்தை எதற்கு எழுத வேண்டும்?

வானொலிச் செய்தி வாசிப்பவர் தமிழில் அது பதில் சொன்னது. "மகிழ்ச்சியுடன் உதவுகிறேன்!" மேலே அம்மன் பெயர், கீழே தேதி, நேரம், பூஜை விவரம், எல்லாம் கச்சிதம். அடியில் ஒரு குறிப்பு: 'உபயதாரர்களை, இடைவெளியின்றித் தொண்டு செய்த ஆண்டுகளின் அடிப்படையில் வரிசைப்படுத்தியுள்ளேன். இது சரியா?' அந்த நேரம் பார்த்து மேடையில் ஒரு லோரி ஏறி நின்று ஹார்ன் அடித்தது. ஜெயபாலன் குறிப்பைப் பார்த்தார். முழுசாகப் படிக்கவில்லை. பழக்க தோஷம். விரல் தானாகத் தட்டியது: 'போலே.'

அப்படியே குளுவாங் அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சகத்துச் சீனருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது, வந்ததை வந்தபடி அடிப்பார். ஐந்நூறு நோட்டீஸ் அடித்து, அழகாகக் கட்டி, வெள்ளிக்கிழமை காலையிலேயே கோயிலில் இறக்கிவிட்டார். அர்ச்சகர் ஒன்றைப் படம் பிடித்து வாட்சாப் குழுவில் போட்டார். பத்து நிமிடத்தில் ஜெயபாலன் கைப்பேசி சூடேறிவிட்டது.

முதல் வரி: 'கூழ் உபயம்: கருப்பாயி குடும்பத்தார்.' இரண்டாவது, ராசம்மா. மனோகரன் ஐந்தாவது. கூரை போட்ட மனிதரை, பந்தல் விளக்கு கொடுத்த தேன்மொழி டீச்சருக்கும் கீழே தள்ளியிருந்தது ஏஐ.

"மெஷின் போட்டதுங்க," என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார் ஜெயபாலன். "என் கையில என்ன இருக்கு?"

இருபத்தெட்டு வருடம் லோரிக்காரர்களிடம் செல்லுபடியான வசனம் அது. அன்றைக்கும் ஓரளவு செல்லுபடியானது. எல்லாரும் அவரை விட்டுவிட்டு மெஷினைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரயில் நிலையத்துக்கு எதிரே நவ்சாத் டீக்கடை. அன்று மாலை அங்கே தே தாரேக் ஆற்றுகிற சத்தத்தையும் மீறி ஏஐ பேச்சுதான். அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பாலோ மாரியம்மனைப் பற்றி என்ன தெரியும் என்றார் ஒருவர். அது அவன் போட்டதில்லை, அம்மாவே உள்ளே இறங்கிப் போட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் இன்னொருவர். இனிமேல் கமிட்டியே வேண்டாம், இதையே தலைவராகப் போட்டுவிடலாம், டீ செலவாவது மிச்சம் என்றார் மூன்றாமவர். மெஷின் கோயில் காரியத்தில் நுழைந்தால் தீட்டு உண்டா இல்லையா என்று ஒரு மேஜையில் தனி விவாதம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மெல்ல வந்து ஜெயபாலன் காதில், "பாலன், அது அவ்வளவு கெட்டிக்காரனா இருந்தா, சனிக்கிழமை லாட்டரிக்கு நாலு நம்பர் என்னன்னு கேட்டியா?" என்றார்.

"நான் ஏற்கெனவே கேட்டாச்சு அண்ணே," என்றார் கல்லாவிலிருந்து நவ்சாத். "சூதாட்டம் குடும்பத்துக்குக் கெடுதல்னு முழு பக்கத்துக்கு புத்தி சொல்லுது. எங்க வாப்பாகூட அவ்வளவு சொன்னதில்ல லா."

கடையே சிரித்தது. ஜெயபாலனும் சிரித்தார். பழி தன் தலையில் இல்லை என்கிற நிம்மதியில் ஒரு ரொட்டி சானாய் கூடுதலாகவே சாப்பிட்டார். ஞாயிறு காலை கமிட்டிக் கூட்டம், புதன்கிழமைக்குள் பழைய வரிசையில் புது நோட்டீஸ் அடித்துவிட்டால் முடிந்தது கதை.

சனிக்கிழமை காலை கருப்பாயி அக்கா வீட்டுக்கு வந்தார்.

அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்து ஓய்ந்தவர். இந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்த வருடம் கூழ் அகப்பையைப் பிடித்தவர், நாற்பத்தொரு வருடமாக விடவில்லை. கோவிட் காலத்தில் கோயிலைப் பூட்டியபோதுகூட, வீட்டில் காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுவந்து பூட்டிய கேட்டுக்கு வெளியே வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அங்கே நின்று பார்த்தவர் ஜெயபாலன் ஒருவர்தான்.

வீட்டுக்குள் வரச் சொன்னால் வரவில்லை. வாசலிலேயே நின்றார். கையில் நாலாக மடித்த நோட்டீஸ்.

"தம்பி, இது தப்பா விழுந்துருச்சின்னு பேசிக்கிறாங்க."

"ஆமாக்கா, அது வந்து… மெஷின்…"

"தப்புன்னா திருத்திக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "புதுசு அடிச்சதும் இத திருப்பிக் கேக்காதீங்க தம்பி. ஐஸ் பெட்டி மேல ஒட்டிக்கலாம்னு. எங்க வீட்டுக்காரர் போட்டோவுக்குப் பக்கத்துல ஒண்ணு, ஐஸ் பெட்டியில ஒண்ணு. இன்னொரு காகிதம் இருந்தா குடுங்களேன்."

ஜெயபாலன் உள்ளே போய், கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு நோட்டீஸ் கட்டையே எடுத்து வந்து கொடுத்தார். அக்கா அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார். தப்பாக வந்த நோட்டீஸையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க, வெயிலில் ஒன்றரை மைல் நடந்து வந்திருக்கிறார்.

ஜெயபாலனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மெஷினுக்கு முன்னால் பத்தொன்பது வருடம் அந்தப் பெயரை அடியில் எழுதியது யார்? தன் கைதான். ஒரு வருடமாவது ஏன் என்று யோசித்தாரா? இல்லை. வெட்கமாக இருந்தது. ஷாமளா பிரஷர் மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். இது மாத்திரைக்குக் கேட்கிற பிரஷர் இல்லை என்று ஷாமளாவுக்கே தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலை கோயில் கொட்டகையில் கூட்டம். வழக்கமாக ஏழு பேர் வருகிற இடத்தில் அறுபது பேர். கருப்பாயி அக்கா பின்னால் குழாயடியில் கூழ்ப் பானைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. பானை தேய்க்க அன்றைக்குத்தான் நாள்.

மனோகரன் நேராக விஷயத்துக்கு வந்தார். "சண்டை வேணாம். மெஷின் செஞ்ச தப்பு, மெஷினே திருத்தட்டும். பாலன், இங்கயே, எல்லாரு முன்னாடியும், அதுகிட்ட சொல்லி மாத்து. நாளைக்கே அச்சுக்குக் குடுத்துரலாம்."

"போலே தலைவரே," என்றார் ஜெயபாலன். கைப்பேசியை எடுத்து, 'உபயதாரர் வரிசையை மாற்ற வேண்டும்' என்று தட்டினார். பதிலைச் சத்தமாக வாசித்தார்: "நிச்சயமாக! எந்த அடிப்படையில் மாற்ற வேண்டும் என்று கூறுங்கள்."

"வழக்கப்படி," என்றார் ராசம்மா.

தட்டினார். "உங்கள் கோயிலின் வழக்கத்தைச் சற்று விளக்க முடியுமா?" என்றது அது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மரியாதைப்படின்னு போடு," என்றார் மனோகரன்.

"யாருக்கு எந்தக் காரணத்தால் முன்னுரிமை என்று தெரிவித்தால், அதன்படி வரிசைப்படுத்துகிறேன்."

"அட இதென்ன, சின்னப் புள்ள மாதிரி கேள்வி கேக்குது?" மனோகரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, பெரிய உபயம் முதல்ல, சின்னது பின்னாலன்னு போடு."

"கூழ்தான் தலைவரே பெருசு," என்றார் தேன்மொழி டீச்சர். "ஆயிரம் பேர் குடிக்கிறாங்க. என் விளக்க யாரும் திங்கறதில்ல."

மறுபடி சிரிப்பு. ராசம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான! கருப்பாயி முன்னால வர முடியாது. ஏன்னா அவங்க வீடு வந்து… அந்தக் காலத்துல அவங்க…"

அங்கே நின்றுவிட்டார். குழாயடியில் பானை தேய்க்கிற சத்தமும் நின்றுவிட்டது.

ஜெயபாலன் விரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தார். "சொல்லுங்கக்கா. நீங்க சொல்றத அப்படியே டைப் பண்றேன். யாரு வேணும்னாலும் சொல்லலாம். காரணம் ஒண்ணு போதும்."

அறுபது பேர். ஒருவர் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார், ஒருவர் செருப்பில்லாத தன் காலைப் பார்த்தார். இத்தனை வருடம் எல்லாருக்கும் தெரிந்திருந்த காரணம் அது. மனதுக்குள் இருக்கும்வரை வழக்கமாகத்தான் இருந்தது. வாய்விட்டு, கருப்பாயி காதுபட, ஒரு மெஷினுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று வந்ததும் அது எவ்வளவு அசிங்கமானது என்று சொல்ல வந்தவருக்கே தெரிந்துவிட்டது.

ராசம்மா உட்கார்ந்தார். அவர் மூளை எப்போதும் வேகம். "சரி விடுங்க. அந்த நோட்டீஸ்ல எங்க வீடு ரெண்டாவதுதான?"

"ஆமாக்கா."

"தலைவர் அஞ்சாவதுதான?"

"ஆமாக்கா."

"எனக்குச் சம்மதம்," என்றார் ராசம்மா.

கொட்டகை அதிரச் சிரித்தது. சிரிக்காதவர் மனோகரன் மட்டும்தான். முகம் சிவந்து எழுந்தார். "காரணம் கீரணம் ஒண்ணும் வேணாம். நான் தலைவர் சொல்றேன். பழைய வரிசையில மாத்தி எழுது. போலேயா, இல்லயா?"

எல்லாரும் ஜெயபாலனைப் பார்த்தார்கள். பதில் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். சிலர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்ளக்கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெயபாலன் கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். "தாக் போலே, தலைவரே," என்றார். முடியாது.

சொன்ன பிறகு அவருக்கே அந்த வார்த்தை புதுசாக இருந்தது. கீழே உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தார். உட்காரவில்லை. "ரெண்டு நாளா மெஷின் போட்டுச்சி, மெஷின் போட்டுச்சின்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். பொய்ங்க. சரியான்னு அது என்னைக் கேட்டுச்சி. சரின்னு சொன்னவன் நான். நாப்பத்தொரு வருசத்தையும் டைப் பண்ணுனது நான். அதுக்கு முன்னாடி பத்தொம்பது வருசம் அந்தக்கா பேர கடைசியில எழுதுனதும் நான்தான், அப்ப எந்த மெஷினும் இல்ல. இப்ப மாத்த மாட்டேன். வேற செயலாளர் போட்டு மாத்திக்கங்க."

செயலாளர் பதவியா? மூன்று வாரப் போரை யார் தலையில் ஏற்றிக்கொள்வது? மனோகரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகக் குனிந்தது. கடைசியில் அவரே நாற்காலியில் சாய்ந்து, "ஐந்நூறு காகிதம் அடிச்சாச்சி, வீணாக்க வேணாம்," என்றார். ஒரு நிமிடம் கழித்து, "ஆனா மாலை நான்தான் போடுவேன். தலைவர் போடறதுதான் வழக்கம்," என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வழக்கத்துக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

ஆடி கடைசி ஞாயிறு. வெயில் நல்ல வெயில். சிகாமட்டிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் வந்த கார்கள் செம்பனை வரிசைக்குள்ளே வரை நின்றன. லோஷினியும் வந்திருந்தாள். தீபாராதனை முடிந்து மேளம் நின்றது. மனோகரன் பட்டு வேட்டியில், இரண்டு கையிலும் கனமான ரோஜா மாலையோடு சன்னதி முன்னால் நின்றார். ஜெயபாலன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"முதல் மரியாதை. கூழ் உபயம், கருப்பாயி குடும்பத்தார்."

யாரும் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கொட்டகைக்குப் பின்னால், அடுப்புப் புகைக்கு நடுவே, கருப்பாயி அக்கா இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டிருக்கிறது. தலையை மட்டும் திருப்பிக் கத்தினார்:

"இருங்க தம்பி! இப்ப வுட்டா அடி புடிச்சிரும்! இறக்கிட்டு வரேன்!"

அடுத்த பெயரைக் கூப்பிடலாமா என்று மனோகரன் கண்ணாலேயே கேட்டார். ஜெயபாலன் தலையை ஆட்டினார், இல்லை என்று. இரண்டாவது முறை அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஒலிபெருக்கியில் சொன்னார்: "முதல் உபயதாரர் வேலையா இருக்காங்க. எல்லாரும் கொஞ்சம் காத்திருங்க."

காத்திருந்தார்கள். ராசம்மா இரண்டாவதாக நின்று முந்தானையால் விசிறிக்கொண்டார். மேளக்காரர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கூழ் பதமாகத் திரண்டு வருவதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதுவரை தலைவர் மனோகரன், மாலையைத் தரையில் படாமல், கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.